இரண்டு கையெழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரை மாநகராட்சியில் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாக எழுந்த விவகாரத்தை ஒட்டி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 'ஊழல் புகாருக்கு ஆளானவரை விசாரிக்காமல் நாற்காலியை விட்டு இறக்குவது புகாரை மூடுகிற வேலை' என்று அதில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சியில் போன முறை வார்டு உறுப்பினராக இருந்தவன். எங்கள் தலைவர் ஒரு பெண். பேருக்குத்தான் அவர், எல்லாம் வீட்டுக்காரர். ஒரே போர்வெல் மோட்டாருக்கு ஆறு மாதத்தில் நாலு தடவை காயில் கட்டியதாக பில். தெருவிளக்கு வாங்கியதாகக் கணக்கு, கம்பத்தில் தொங்குவதோ பழைய பல்பு. பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக வந்ததாக நோட்டில் எழுதியிருந்தது. தண்ணீர்த் தொட்டியை யாரும் கழுவி நான் பார்த்ததில்லை. உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். நானும் இன்னொருவரும் போய் கலெக்டர் ஆபீசில் நேரில் கொடுத்தோம். முதலில் செக் பவரை, அதாவது செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, பிடுங்கினார்கள். அப்புறம் தலைவரை நீக்குவதற்கான 205ஆம் பிரிவில் நோட்டீஸ். தாசில்தார் வந்து கூட்டம் போட்டார். நோட்டீசையும் தலைவர் கொடுத்த விளக்கத்தையும் வாசித்தார். வாசித்த வேகத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. விவாதம் கூடாது என்றார். ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு தலைவர் பதவி போனது. துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார்.

இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் 'ஒரு பொம்பளைய நல்லா விசாரிக்காமத் தூக்கிட்டீங்களேப்பா' என்கிறார்கள். களவாணிக்கு எதற்கு அண்ணே நியாயம்? நியாயமாக விசாரித்தால் என்ன ஆகும் என்று நாம் பார்க்காததா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்க்கார நீதிபதி வி. ராமசாமி மேல் 1993இல் பதவி நீக்கத் தீர்மானம் வந்ததே, வக்கீல் மணிக்கணக்காகப் பேசினாரே, கடைசியில் தப்பித்தாரா இல்லையா? முப்பது நாள் ஜெயிலில் இருந்தால் பதவி போகும் என்று இப்போது டெல்லியில் மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். அதுதான் சரியான மருந்து என்பேன்.

மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். நாங்கள் செய்தது தப்பா? பெயர் போட வேண்டாம். நான் ஊரில் இருக்க வேண்டும்.

ஒரு வாசகர், உசிலம்பட்டி வட்டம்

*

அன்புள்ள தம்பி,

மோட்டார் பில்லைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்தான் தப்பு. புகார் கொடுத்தது சரி. கையெழுத்துப் போட்டதும் சரி. நான் கேட்பது வேறு.

நம் ஊராட்சிகளில் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. செக்கில் துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். ஐந்து வருஷம் உறுப்பினராக இருந்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் நாலு தடவை காயில் கட்டிய அந்த மோட்டாருக்குப் போன ஒவ்வொரு செக்கிலும் இரண்டு கையெழுத்து இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மனுவில் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு. இன்னொன்றைப் போட்டவர் மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டிருக்கிறார், பிறகு அவரே தலைவர் பொறுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தாக இருக்கலாம். 'வீட்டுக்காரர் நீட்டினார், போட்டேன்' என்று அவர் சொல்லலாம். அதையேதான் தலைவரும் சொல்லியிருப்பார். ஒருவர் சொன்னால் சாக்கு, இன்னொருவர் சொன்னால் சமாதானம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்றால் ஊரில் பாதிப் பேர் முணுமுணுப்பதில் என்ன ஆச்சரியம்? செயலர் பேரும் மனுவில் இல்லை. வவுச்சர் எழுதியது அவர் கை.

மனுவைப் பொறுமையாகப் படித்தேன். மோட்டார் விஷயம் அதில் ஆறாவதாக வருகிறது, அதுவும் 'பராமரிப்புச் செலவுகளில் முறைகேடு' என்று ஒரே வரியில். தேதி இல்லை, வவுச்சர் எண் இல்லை, தொகை இல்லை. முதல் மூன்று குற்றச்சாட்டு என்ன தெரியுமா? உறுப்பினர்களை மதிப்பதில்லை, கூட்டத்துக்கு நேரத்தோடு சொல்வதில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கலந்துகொள்வதில்லை. தம்பி, ஊர்ப் பெரியவர்களைக் கலந்துகொள்ளாதது எந்தச் சட்டத்தில் குற்றம்? இந்த நாள், இந்த வவுச்சர், இவ்வளவு ரூபாய் என்று கேட்டிருந்தால் அந்த அம்மா ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். 'முறைகேடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். தாசில்தார் வாசித்ததில் ஒன்றும் உங்கள் காதில் ஏறாததற்கு அவருடைய வேகம் மட்டும் காரணம் இல்லை.

தாசில்தாரைக் குறை சொல்லாதீர்கள். 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டமே அந்தக் கூட்டத்தில் விவாதம் கூடாது என்கிறது. உறுப்பினர்கள் கருத்தைக் குறித்து மேலே அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. முடிவு கலெக்டருடையது. நீங்கள் எல்லோரும் 'நீக்கு' என்று சொன்னாலும், விளக்கம் அவருக்குத் திருப்தியாக இருந்தால் கோப்பை மூடிவிடலாம். 'நாங்க ஓட்டுப் போட்டு வந்தவங்க, கலெக்டர் யாரு?' என்று உறுப்பினர்கள் கொதிப்பதை நானே கேட்டிருக்கிறேன். நம் ஜில்லாவில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1996இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். உங்கள் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ரிசர்வ் ஊராட்சிகளில் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. நின்று ஜெயித்தவர்களும் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். 2006இல்தான் அந்தப் பூட்டு திறந்தது. உறுப்பினர்கள் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் போதும், தலைவரை இறக்கிவிடலாம் என்று சட்டம் இருந்திருந்தால் ரிசர்வ் ஊராட்சிகளில் எத்தனை தலைவர்கள் முதல் பொங்கல் வரை தாக்குப்பிடித்திருப்பார்கள்? அரிவாளுக்கு வேலையே இருந்திருக்காது, ஒரு மனு போதும். உங்கள் ஊராட்சி ரிசர்வா, பொதுவா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை.

கலெக்டர் கையில் கொடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அவருக்கு மேலே ஆளுங்கட்சி இருக்கிறது. ஒரே மாதிரி ஆடிட் ஆட்சேபணை இரண்டு ஊராட்சியில் வந்தால் ஒன்றில் 205 போடுவதும் இன்னொன்றில் 'இனி கவனமாக இருக்கவும்' என்று கடிதம் போடுவதும் நடக்கக்கூடியவைதான். ஆகவேதான் இந்த வழக்குகள் ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போகின்றன. விளக்கத்தைப் பரிசீலிக்கவில்லை, காரணம் எழுதவில்லை என்று நீக்க உத்தரவுகள் அங்கே ரத்தானதும் உண்டு. அப்படி ரத்தாகித் திரும்பி வருகிறவருக்கு மாலை போட்டு வேட்டு வைப்பார்கள். திருடியிருந்தாலும் அன்றைக்கு அவர் உத்தமர். அவசரத்தில் நடத்திய விசாரணையால் களவாணிக்குக் கிடைக்கிற லாபம் இது.

ராமசாமி விவகாரத்துக்கு வருகிறேன். அவர் அரசியல்வாதி இல்லை, நீதிபதி. ஆனால் தீர்ப்பு அரசியல்வாதிகள் கையில் இருந்ததால் உங்கள் உதாரணம் பொருந்தும். பஞ்சாப் – ஹரியானா ஹைகோர்ட் தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகரில் அரசு வீட்டுக்குச் சாமான் வாங்கிய செலவு பற்றிய புகார் அது. மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்தது. 14 குற்றச்சாட்டில் 11 நிரூபணமானது என்றது. லோக்சபாவில் அவருக்காக கபில் சிபல் வாதாடினார். 1993 மே 11 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரசும் அதன் கூட்டாளிகளுமாக 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பதால் தீர்மானம் தோற்றது. (205 என்ற எண்ணுக்கும் பதவி நீக்கத்துக்கும் ஏதோ பூர்வஜென்மப் பந்தம் போல.) அவரைத் தப்பவிட்டது வக்கீலின் பேச்சா? விசாரணை தன் வேலையைச் சரியாகச் செய்து 11 என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லத் துணியாதவர்கள்தான் தப்பவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு விசாரணையே வேண்டாம் என்பது என்ன கணக்கு?

தீர்ப்புச் சொல்கிறவருக்கு அதில் லாபம் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க பிரேசிலுக்குப் போகலாம். 2016 ஆகஸ்டில் ஜனாதிபதி தில்மா ருசெஃபை செனட் 61க்கு 20 என்று நீக்கியது. குற்றச்சாட்டு லஞ்சம் வாங்கினார் என்பது அல்ல. பட்ஜெட் கணக்கில் விதியை மீறினார், பார்லிமென்ட்டைக் கேட்காமல் கூடுதல் செலவுக்கு ஆணை போட்டார் என்பது. அவர் இடத்துக்கு வந்தவர் துணை ஜனாதிபதி மிஷேல் தெமர். அதே மாதிரி ஆணைகளில், பொறுப்பு ஜனாதிபதியாக இருந்த நாட்களில், தெமரும் கையெழுத்துப் போட்டிருந்தார்! புகாரை ஏற்று நடவடிக்கையைத் தொடங்கி வைத்த கீழவை சபாநாயகர் எதுவார்தோ குன்யா அதே வருஷம் அக்டோபரில் ஊழல் வழக்கில் கைதானார். உங்கள் ஊராட்சி ஆபீஸும் பிரேசில் தலைநகர் பிரேசிலியாவும் அவ்வளவு தூரமில்லை தம்பி.

தென்கொரியாவில் ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜனாதிபதி பார்க் குன்-ஹே மேல் 2016 டிசம்பர் 9 அன்று பார்லிமென்ட் 234க்கு 56 என்று தீர்மானம் போட்டது. அந்த நிமிஷமே அதிகாரம் முடக்கம். ஆனால் பதவி போகவில்லை. அரசியல் சாசன நீதிமன்றம் மூன்று மாதம் விசாரித்து 2017 மார்ச் 10 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக நீக்கினார்கள். குற்றம் சாட்டியவர் வேறு, தீர்ப்புச் சொன்னவர் வேறு, நடுவில் கஜானாவில் பார்க்கின் கை படவில்லை.

இது நமக்கும் தெரிந்த முறைதான். செக் பவரை நிறுத்தி வைப்பது அதுவேதான். புகாரில் முகாந்திரம் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், அதற்குப் பெரிய விசாரணை தேவையில்லை, யாருக்கும் அவமானமும் இல்லை. ஆனால் நிறுத்துவதானால் இரண்டு கையையும் நிறுத்த வேண்டும். நாற்காலியை எடுப்பதற்குத்தான் வவுச்சரும் விளக்கமும் நிதானமும் வேண்டும். நீங்கள் செக் பவர் நின்ற பிறகும் அவசரப்பட்டீர்கள். பணம் வெளியே போகாதபோது என்ன அவசரம்? நாற்காலி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

முப்பது நாள் மசோதாவும் எனக்கு இதனால்தான் உறுத்துகிறது. 2025 ஆகஸ்ட் 20 அன்று அறிமுகமானது. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் கைதாகி முப்பது நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் பிரதமர், முதல்வர், மந்திரி யாராயினும் பதவி போகும். செந்தில் பாலாஜி 471 நாள் காவலில் இருந்தார், அதில் எட்டு மாதம் இலாகா இல்லாத மந்திரியாக. அது அசிங்கம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் இந்த மசோதாவில் நீதிபதி யார்? கைது செய்கிற அதிகாரியும் அவருக்கு மேலே இருக்கிறவரும்தான். ஜாமீன் கிடைக்க முப்பது நாளுக்கு மேல் ஆவது நம் நாட்டில் வெகு சாதாரணம். குற்றப்பத்திரிகைகூட வந்திருக்காது.

கடைசியாக அந்த 'வீட்டுக்காரர்'. மாநகராட்சி விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் மேயரின் கணவர் கைதானார், அக்டோபரில் மேயர் ராஜினாமா செய்தார். அதற்கு முன்பே ஜூலையில், மேலிடத்திலிருந்து சொன்னதும் மண்டலத் தலைவர்கள் விலகினார்கள். வழக்கு நடக்கிறது, யார் குற்றவாளி என்று சொல்வது என் வேலையில்லை. நான் அந்தக் கட்டுரையில் கேட்டது, மக்கள் ஓட்டுப்போட்டு உட்கார வைத்தவர்களை மாமன்றத்தில் நிற்க வைத்து 'இந்த வரி ஏன் குறைந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா என்பது. ராஜினாமா வந்ததும் கேள்வியும் போய்விட்டது. உங்கள் ஊரிலும் அதுதான் நடந்திருக்கிறது. பதவியை எடுத்தீர்கள், பணம் வந்ததா? காயில் கட்டியதாக பில் கொடுத்த கடைக்காரரை யாராவது கேட்டார்களா? கையெழுத்துப் போட்ட பெண் போனார், போட வைத்த ஆணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. 'பேருக்குத்தான் தலைவர்' என்று நீங்களே எழுதுகிறீர்கள், ஆனால் மனுவில் பேருக்கு இருந்தவரை மட்டும்தான் பிடித்திருக்கிறீர்கள்.

2025 ஜனவரியில் உங்கள் காலம் முடிந்ததும் ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். அந்த ஆறு மாத மோட்டார் வவுச்சர்கள், கடை பில், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் நோட்டு) பக்கங்கள், பணம் போன செக்குகளின் நகல், அவற்றில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள், ஆடிட் அறிக்கை எல்லாவற்றையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. கையில் வந்ததும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஒரு மனு. அதில் தேதி, எண், தொகை இருக்கட்டும், ஊர்ப் பெரியவர்கள் இருக்க வேண்டாம். எத்தனை பேர் பெயர் வருகிறதோ அத்தனையும் எழுதுங்கள். தயங்கினால் நகலை எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.