பாரம் யார் தலையில் விழுகிறது?

தம்பி, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், வாடகைக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரும், அது ஊரையே கெடுத்துவிடும் என்று அலுவலக நண்பரும் ஒரே வாரத்தில் உங்களிடம் வாதாடினார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இருவரும் விவரம் தெரிந்தவர்கள். அப்படியிருக்க, வாக்குரிமைகூட இல்லாத ஒரு புதியவர் இந்த நாட்டில் எது நல்ல கொள்கை, எது கெட்ட கொள்கை என்று எப்படித் தரம் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கொள்கையின் நோக்கத்தையும் சற்று ஒதுக்கி வையுங்கள் என்று நான் சொல்வேன், ஏனென்றால் நோக்கம் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அதன் பாரம் கடைசியில் யார் தலையில் விழுகிறது, அந்த ஆளுக்கு முடிவெடுத்த நாளில் குரல் இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இதைக் கற்றுக்கொள்ள, எல்லோரும் பிராப் 13 என்று சொல்லும் சொத்து வரிச் சட்டத்தைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

1970-களில் இங்கே வீட்டு விலைகள் தாறுமாறாக ஏறின. விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியது. வீட்டை விற்கும் எண்ணமே இல்லாமல் ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள், கைக்கு வராத லாபத்துக்கு வரி கட்ட முடியாமல் திணறினார்கள். மாநிலக் கருவூலத்தில் உபரி குவிந்திருந்தும் சட்டமன்றம் நிவாரணத்தை இழுத்தடித்துக்கொண்டே போனது. அந்தக் கோபத்தைத் திரட்டி, ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தம்தான் பிராப் 13. அது 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 65 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; அந்த மதிப்பும், வீடு கைமாறும்வரை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது; மாநில வரிகளை உயர்த்துவதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வயதானவர்கள் வரிக்குப் பயந்து வீட்டை விற்கக் கூடாது என்பதில் யாருக்கு மறுப்பு இருக்க முடியும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். 1985-இல் 1,50,000 டாலருக்கு வாங்கிய ஒரு வீட்டின் வரி மதிப்பு, ஆண்டுதோறும் முழு 2 சதவீதம் ஏறினாலும், 40 ஆண்டுகளில் 3,31,000 டாலரைத்தான் தொடும். அதற்கு 1 சதவீத வரி சுமார் 3,300 டாலர். அதே தெருவில் அதே அளவுள்ள வீட்டை இன்று 16 லட்சம் டாலருக்கு வாங்கும் இளம் குடும்பம் 16,000 டாலர் கட்டும். இருவர் வீட்டுக்கும் வருவது ஒரே தீயணைப்பு வண்டிதான். லாஸ் ஏஞ்சலிஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் வீடு வாங்கிய நார்ட்லிங்கர் என்ற பெண்மணி, பழைய குடியிருப்பாளர்கள் கட்டுவதைப் போலச் சுமார் ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்காடினார். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1978-இல் வாக்களித்தவர்களில் பலருக்கு வீடு இருந்தது. பாரத்தைச் சுமக்கப்போகிறவர்களில் பலர் அன்று பிறக்கவே இல்லை, அல்லது உங்களையும் என்னையும் போல வேறு நாட்டில் இருந்தார்கள்.

பாரம் அதோடு நிற்கவில்லை. சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழாகச் சரிந்ததால், புதிய வீடுகளால் தங்களுக்குச் செலவுதான் மிச்சம் என்று நகராட்சிகள் எண்ணத் தொடங்கின. விற்பனை வரி தரும் பெரிய கடைகளையும் கார் விற்பனை மையங்களையும் வரவேற்றன. வீடு கட்ட வருபவர்களிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வசூலித்தன. சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் பணம் திரட்ட 1982-இல் மெல்லோ-ரூஸ் என்ற சிறப்பு வரிக்கு வழி செய்யப்பட்டது. இங்கே அருகிலுள்ள டப்ளின் போன்ற ஊர்களின் புதிய குடியிருப்புகளில் வீடு பார்க்கும் நம்மவர்கள், விற்பனை முகவர் இந்தப் பெயரை மெல்லிய குரலில் சொல்வதைக் கேட்டிருப்பார்கள். பள்ளி நிதி பெரும்பாலும் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் கைக்குப் போனது. இதற்குப் பிராப் 13 மட்டுமே காரணம் அன்று. மாவட்டங்களுக்கிடையே நிதியைச் சமப்படுத்த வழிவகுத்த 1971-இன் செரானோ தீர்ப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் நாளை உங்கள் பிள்ளை பள்ளியில் சேரும்போது பெற்றோர் அறக்கட்டளையிடமிருந்து நன்கொடைக் கடிதம் வந்தால், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிமார்களைக் காக்க வந்த சட்டம் அலுவலகக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதே சலுகையைத் தந்தது.

எனக்கும் இங்கே சொந்த வீடு உண்டு, பிராப் 13 ஆண்டுதோறும் எனக்குப் பணம் மிச்சப்படுத்துகிறது. அப்படியிருந்தும் இதை மோசமாக வடிவமைக்கப்பட்ட சட்டம் என்றே சொல்வேன். வருமானம் குறைந்த முதியவர்கள் வரியைத் தள்ளிப்போட்டு, வீடு விற்கும்போது மாநிலத்துக்குத் திருப்பிச் செலுத்தும் திட்டம் கலிஃபோர்னியாவில் இன்றும் உண்டு. அத்தகைய ஒன்றை விரிவாக்கியிருந்தால், யாருக்கு உதவி தேவையோ அவருக்கு மட்டும் உதவி போயிருக்கும். இப்போது அரசியலமைப்பில் ஏறிவிட்டதால், மக்கள் மீண்டும் வாக்களிக்காமல் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. வணிகச் சொத்துகளுக்காவது சந்தை மதிப்பில் வரி விதிக்க வேண்டும் என்று 2020-இல் வந்த பிராப் 15 ஏறத்தாழ 48-க்கு 52 என்று தோற்றது. எனவே எந்தத் திட்டம் உங்கள் முன் வந்தாலும், தவறாகப் போனால் இதை யார், எவ்வளவு எளிதாகத் திருத்த முடியும் என்றும் கேட்டுப் பாருங்கள். பிழையுள்ள சாதாரணச் சட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பிழையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் திருத்தத்திடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோ 1994-இல் தன் கட்டுப்பாட்டை, 1980-க்கு முன் கட்டப்பட்ட சிறிய அடுக்கு வீடுகளுக்கும் விரித்தது. அதன் விளைவை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் மூவர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். குடியிருந்தவர்கள் அதே வீட்டில் நிலைத்திருக்கும் வாய்ப்பு உண்மையிலேயே கூடியது. அந்த வகையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் சட்டத்துக்குள் வந்த கட்டடங்களின் உரிமையாளர்கள், சொந்தக் குடியிருப்புகளாக மாற்றி விற்றும் இடித்துக் கட்டியும், வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள்; நகரம் முழுவதும் வாடகை சுமார் 5 சதவீதம் கூடியது. நண்பர் சொல்வதும் சரி. இங்கேயும் பாரம் விழுந்தது, அடுத்து வீடு தேடி வந்தவர் தலையில்தான்.

ஆயினும் ஒரே பெயரில் வரும் எல்லாத் திட்டங்களும் ஒன்றல்ல. 2020 முதல் நடப்பிலிருக்கும் மாநிலச் சட்டம், ஆண்டு வாடகை உயர்வை 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்குள், எப்படியும் 10 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. கட்டி 15 ஆண்டுகள் ஆகாத கட்டடங்களுக்கு விலக்குத் தருகிறது. புதிதாகக் கட்ட வருபவரை விரட்டாமல், திடீரென்று வரும் பேருயர்விலிருந்து குடியிருப்பவரைக் காப்பது அதன் வடிவம். 2030-இல் தானாகக் காலாவதியாகும் விதியும் அதில் இருக்கிறது. இதை நான் ஆதரிக்கிறேன். உங்கள் கட்டடத்தின் வயதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

இதே அளவுகோலை நமக்கு இனிக்கும் திட்டங்கள்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீத உச்சவரம்பு உண்டு என்பதும், அதனால் இந்தியர் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உங்களுக்குத் தெரியும். அந்த உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறி, பின்பு சட்டமாகாமலே போனது. நம்மவர் கூட்டங்களில் அதை எதிர்த்தவர்களை எல்லாம் இனவெறியர் என்றார்கள். ஆனால் ஆண்டுக்கு 1,40,000 என்ற மொத்த அளவு அந்த மசோதாவில் கூடவில்லை. நம் வரிசை குறைந்தால் மற்ற நாட்டவர் வரிசை அந்த அளவுக்கு நீளத்தான் செய்யும். பிறந்த நாட்டை வைத்து ஒருவரைக் காக்கவைப்பது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. மனைவி மக்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டால், யாரையும் பின்னுக்குத் தள்ளாமலே வரிசையைப் பெருமளவு குறைக்கலாம் என்பது என் கருத்து.

நடைமுறைக்குச் சில சொற்கள். மாநிலத் தேர்தலுக்கு முன் வரும் வாக்காளர் தகவல் கையேட்டைக் குடியுரிமை பெற்ற நண்பர் யாரிடமாவது வாங்கிப் படியுங்கள். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைவிட, சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகம் எழுதும் நிதி விளைவுப் பகுதியை முதலில் பாருங்கள். கட்சி சாராத அலுவலகம், நடை வறண்டிருக்கும், ஆனால் யாருக்கு எவ்வளவு செலவு என்பது அங்கேதான் இருக்கும். ஓட்டுநர் உரிமம் வாங்க டி.எம்.வி. எனும் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்விக்குத் தவறியும் 'ஆம்' என்று குறிக்காதீர்கள், குடியேற்ற நிலையையே அது பாதிக்கக்கூடும். விசாவில் இருக்கும்வரை வேட்பாளர் யாருக்கும் நன்கொடையும் கொடுக்கக் கூடாது. ஆனால் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசுவதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வாடகை பற்றிய பொருள் அதில் வரும் நாளில் போய், வீடு தேடி வரும் புதியவராக உங்கள் நிலையைச் சொல்லுங்கள்.