நான்கு மாதம் நின்ற விமானமும் டேங்கில் கிடந்த பெட்ரோலும்

கேள்வி: எங்களுடையது இரண்டு இருக்கை கொண்ட இலகு ரக விமானம். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின், 340 மணி நேரம் ஓடியிருக்கிறது. பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலைத்தான் ஊற்றுகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது நிறுத்தியது, ஏறக்குறைய நான்கு மாதம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே விமானமே உதறுகிறது. 4,000-ஐத் தாண்டினால் சீராகிவிடுகிறது. நிறுத்திய பிறகு ஒரு கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் ஈரம் தெரிகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டைக் கழற்றி ஊதிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் உதவியாளர். செய்யலாமா ஐயா? இனி எந்தப் பெட்ரோலை ஊற்றுவது?

பதில்: முதலில், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்களுக்குக் கீழேதான் புகைபோக்கிக் குழாய்கள் ஓடுகின்றன. சொட்டும் பெட்ரோலைத் தாங்கி வெளியே கொண்டுபோக ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் அடியில் ஒரு தட்டும் வடிகுழாயும் இருக்க வேண்டும். உங்கள் விமானத்தில் அவை இருக்கின்றனவா, வடிகுழாயில் குளவி கூடு கட்டாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மழைக்காலம் முழுக்க நின்ற விமானத்தில் குளவிக்கூடு ஒன்றும் அதிசயம் அல்ல.

ஜெட்டை ஊதுவதால் கெடுதல் இல்லை. ஆனால் கார்புரேட்டரின் அடியில் ஈரம் காண்பது அடைப்பின் அடையாளம் அல்ல. ஜெட் அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும். விசையைக் கூட்டும் திராட்டிலைத் திறக்கும்போது தயங்கும், இருமும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. ஒரு பக்கத்துக்கு மட்டும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. 912-இல் பிங் நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் இரண்டு. ஒன்று 1, 3 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 4 சிலிண்டர்களுக்கு. ஒரு பக்கம் பெட்ரோல் மிகுந்து, மறுபக்கம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி போடும். குறைந்த சுற்றில்தான் அது பெரிதாகத் தெரியும். சுற்று ஏறியதும் காற்றோட்டம் பெருகி, அதிகப்படிப் பெட்ரோலையும் விழுங்கிவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிப் பறக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த உதறலின் அடியை வாங்குவது கியர்பாக்ஸ். 1,800-க்குக் கீழே தள்ளாடவிட்டுச் சூடேற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

செலவில்லாத இரண்டு சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒன்று, சோக். இரண்டு கார்புரேட்டர்களிலும் சோக் நெம்புகோல் கடைசிவரை திரும்பி வருகிறதா? நான்கு மாத ஈரத்தில் ஒரு பக்கத்துக் கேபிள் இறுகி, சோக் அரைகுறையாகத் திறந்தே நின்றால் இதே உதறல்தான் வரும். இரண்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு கார்புரேட்டரின் சிலிண்டர்களில் மட்டும் பிளக்குகள் கரிபடிந்து கறுத்திருந்தால், எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

சோக் சரியாக இருக்கிறது, ஈரம் கண்ட பக்கத்திலேயே பிளக்கும் கறுத்திருக்கிறது என்றால், என் சந்தேகம் மிதவை மேல்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை ஒரு கம்பிக் கொக்கிதான் பிடித்திருக்கிறது; அதைத் தள்ளினால் கிண்ணம் கையோடு வரும். உள்ளே இரண்டு மிதவைகள் தனித்தனியாக ஊசிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவை உயரும்போது ஒரு கவையை நெம்பி ஊசி வால்வை மூட வேண்டும். மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டால் போதிய அளவு மிதக்காது. வால்வு மூடத் தாமதமாகும், கிண்ணத்தில் மட்டம் ஏறும், வழிந்து சொட்டும். மிதவைகளை வெளியே எடுத்துத் துடைத்து, நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் இரண்டையும் சேர்த்து நிறுங்கள். ரோட்டாக்ஸ் விதித்த எல்லை ஜோடிக்கு 7 கிராம். அதைத் தாண்டினால் காயவைத்துத் திரும்பப் போடும் வேலையே வேண்டாம், புதியதை மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் கனத்திருந்தால் மறுபக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். எடையையும் தேதியையும் எஞ்சின் பதிவேட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கே உதவும்.

எடை சரியாக இருந்தும் சொட்டுகிறது என்றால், வால்வின் ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஏதோ மாட்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானே இதில் ஏமாந்தேன். ஒரு விமானத்துக்குப் புது ரப்பர் குழாய்கள் மாட்டிய மறுவாரம் கார்புரேட்டர் வழிந்தது. மிதவையை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் கிண்ணத்தின் அடியில் அரிசிநொய் அளவில் கறுப்பாக ஒரு துணுக்கு. இறுக்கமான குழாயை உலோக முனையில் திருகித் திருகி ஏற்றியபோது நானே அதன் உள்தோலைச் சீவியிருந்தேன். ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயில் நடந்தது என்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அன்றிலிருந்து கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பதைத் துடைத்து எறிவதில்லை. வெள்ளைத் துணியில் கவிழ்த்து வெயிலில் பார்க்கிறேன். கறுப்புத் துணுக்கு என்றால் குழாய். வெள்ளை மாவு என்றால் ஈரத்தில் அரித்த அலுமினியம். பிசின்போல் ஒட்டினால் பழைய பெட்ரோல் அல்லது டேங்கின் உட்பூச்சு.

கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை. உங்கள் இரண்டாவது கேள்வியும் அங்கேதான் வந்து சேர்கிறது.

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. ரோட்டாக்ஸ் 912 வரிசைக்கு அனுமதித்திருக்கும் எத்தனால் அளவு 10 சதவீதம் வரைதான். இதில் பலரைக் குழப்புவது ஆக்டேன் எண். யூஎல்எஸ் எஞ்சினுக்கு 95 ஆக்டேன் வேண்டும். ஈ20 பெட்ரோலும் 95 ஆக்டேன்தான். எண் பொருந்துகிறதே என்று ஊற்றிவிடுகிறார்கள். ஆக்டேன் சொல்வது அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும். குழாயை, டேங்கின் பிசினை, மிதவையை அது என்ன செய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. விலை கூடிய பிரீமியம் பெட்ரோலுக்கும் இதே பேச்சுதான். பெயரை வைத்து எத்தனால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

சோதிப்பது எளிது. 100 மில்லி அளவுக் குழல் ஒன்றில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, மேலே 100 வரை பெட்ரோலை நிரப்புங்கள். மூடிக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். கீழ்ப் படலம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 25-ஐ ஒட்டி ஏறினால் உங்கள் கையில் இருப்பது ஈ20.

இதே வித்தையைப் பெரிய பீப்பாயில் செய்து எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டுப் பறக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்தப் பெட்ரோலின் 95 ஆக்டேனில் எத்தனாலின் பங்கு பெரியது. அதை நீக்கினால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல், அதுவும் ஈரம் மிச்சம் வைத்தது. உங்கள் எஞ்சின் உயர் அழுத்த விகிதம் கொண்டது. முழு விசையில் மேலேறும்போது, பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வந்தால் காரில் கேட்பதுபோல் காதில் விழாது, பிஸ்டனில்தான் தெரியும். 80 குதிரைத்திறன் கொண்ட 912 யூஎல் எஞ்சினுக்கு 90 ஆக்டேன் போதும் என்றாலும், கொட்டகையில் கழுவிய பெட்ரோலை அதற்கும் நான் ஊற்ற மாட்டேன்.

எத்தனாலின் இன்னொரு குணம், நாம் வழக்கமாகச் செய்யும் சோதனையையே பொய்யாக்கிவிடுவது. காலையில் டேங்கின் அடி வடிகாலிலிருந்து சிறிது பிடித்து, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர்க் குமிழி இருக்கிறதா என்று பார்க்கிறோம். எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியே நிற்கும், கண்டுபிடிக்கலாம். எத்தனால் கலந்ததில் தண்ணீர் கரைந்து ஒளிந்துகொள்ளும். குப்பி தெளிவாகவே இருக்கும். பாதி காலியான டேங்க் மழைக்காற்றை நான்கு மாதம் சுவாசித்தால் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். தாங்கும் அளவைத் தாண்டியதும், அல்லது உயரே போய்க் குளிர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒரு படலமாகப் பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஆகவே குப்பி தெளிவாக இருக்கிறது என்பதற்காக இப்போது டேங்கில் இருப்பதை நம்ப வேண்டாம். திறந்த வெளியில், விமானத்தையும் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து எர்த் செய்துவிட்டு, முழுவதையும் வடித்துவிடுங்கள். ஃபில்டர், குழாய்கள், இரண்டு கிண்ணங்கள் எல்லாம் காலியாக வேண்டும். டேங்க் கண்ணாடியிழையால் ஆனது என்றால் உள்ளே விளக்குவிட்டுப் பாருங்கள். பிசின் மென்மையாகிக் கொழகொழத்திருந்தால் அந்த டேங்க்கைத் தயாரிப்பாளரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

ரப்பர் குழாய்களின் வயது என்ன? ரோட்டாக்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, ஓடிய மணி எவ்வளவு குறைவாக இருந்தாலும். 340 மணிதானே ஆயிற்று என்பது இங்கே செல்லாது. மாற்றிய பிறகு ஓட்ட அளவைப் பாருங்கள். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, துணைப் பம்பை ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் போதும். இந்த எஞ்சின் முழு விசையில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். அதற்கு மேல் கால் பங்கு கூட இருக்க வேண்டும் என்பது பம்ப் வைத்த விமானங்களுக்கான பழைய கணக்கு. நிமிடத்துக்கு 560 மில்லிக்குக் குறைந்தால் எங்கோ நெரிகிறது.

இனி எதை ஊற்றுவது? என் பதில், விமானங்களுக்கென்றே உள்ள பெட்ரோலான அவ்காஸ் 100 எல்எல். முன்பு இறக்குமதி செய்ததை, 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கிறது. எத்தனால் கிடையாது, நாள்பட்டும் கெடாது, சித்திரை வெயிலில் குழாய்க்குள் எளிதில் ஆவியாகி வழியடைக்காது. விலை அதிகம்தான்; ஆண்டுக்கு 60, 70 மணி பறக்கும் ஒருவருக்கு அந்தக் கூடுதல் செலவு ஒரு டேங்க் மாற்றும் செலவைவிடக் குறைவாகவே வரும் என்பது என் கணக்கு. பீப்பாயில் வாங்கி வைப்பதானால் பெட்ரோலியச் சேமிப்பு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவ்காஸில் ஈயம் இருக்கிறது. அந்த ஈயம் ஆயிலில் சாம்பல் நிறச் சேறாகப் படியும். 912-இல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் சேறு கியர்பாக்ஸ் கிளச்சுக்கும் போகும். எனவே 100 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் பழக்கத்தை விட வேண்டும். பெரும்பாலும் அவ்காஸில் ஓட்டினால் 50 மணிதான் எல்லை. 25 மணிக்கு மாற்றுவது நல்லது, ஆயில் டேங்கின் அடியையும் அப்போதே வழித்துவிடலாம். முழு சிந்தெடிக் ஆயில் வேண்டாம், அது ஈயத்தைச் சுமந்துகொண்டு வெளியே வராது. அரை சிந்தெடிக் எடுங்கள். பெரிய விமான எஞ்சின்களுக்கான ஆயிலும் இதற்கு ஆகாது. கியர் இருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பிளக்குகளை 200 மணிவரை வைத்திருக்காமல் 100-க்கு மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியபின், இரண்டு கார்புரேட்டர்களையும் அழுத்தமானி வைத்து ஒன்றுக்கொன்று ஒத்திசைக்க வேண்டும். கண்ணளவில் கேபிளை இழுத்துச் சரிசெய்வது இதில் எடுபடாது. 4,000 சுற்றில் இரண்டு இக்னிஷன்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்: குறையும் சுற்று 300-க்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 115-க்குள். பெட்ரோல் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது. மேல் எல்லை உங்கள் பம்பின் வகையைப் பொறுத்தது, கையேட்டில் இருக்கும். பறப்பதற்கு முன் இந்த வேலைகள் அத்தனையையும் உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மிதவையை நிறுப்பதும் பெட்ரோலைச் சோதிப்பதும் நீங்கள் செய்யலாம். சரி என்று எழுதுவது அவர் வேலை.

அடுத்த ஐப்பசியில் விமானத்தை நிறுத்தும்போது கார்புரேட்டர் கிண்ணங்களை வடித்துவிட்டு, டேங்க்கை அவ்காஸால் முழுக்க நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது எஞ்சினுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆயில் 100 டிகிரியை எட்டாமல் அணைத்தால், எரிதலில் உண்டான தண்ணீர் ஆயிலிலேயே தங்கிவிடும். ஒன்று, பறந்து நன்றாகச் சூடேற்றுங்கள். இல்லையேல் ஸ்டார்ட் செய்யாமல் கையேடு சொல்லும் முறைப்படி பாதுகாத்து வையுங்கள். மறுபடி எடுக்கும் நாளில், இக்னிஷன் அணைந்திருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையில் மட்டும் கையால் மெல்லச் சுற்றி, ஆயில் டேங்கில் களக்கென்று சத்தம் கேட்ட பிறகே அளவுகோலைப் பாருங்கள்.