சட்டம் கேளுங்கள்: கைமாற்றுக் கடனுக்கு எந்த நீதிமன்றம்?

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் வைத்து, ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டு, நண்பர் ஒருவர் 4 இலட்சம் ரூபா வாங்கினார். இப்போது தெஹிவளைக்குக் குடிபெயர்ந்து, தொலைபேசியையும் எடுப்பதில்லை. பொலிஸில் "இது சிவில் விடயம்" என்கிறார்கள். சிறிய தொகை என்பதால் ஆரம்ப நீதிமன்றம் போதுமா?
– வாசகர், கொழும்பு 06

பதில்: பொலிஸார் சொன்னது சரி. வாங்கிய கடனைத் தராதது மட்டும் குற்றமாகாது. ஆனால் ஆரம்ப நீதிமன்றம் உங்களுக்கு உதவாது. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அதன் பண வழக்குகளுக்கு முதலில் இட்ட எல்லை 1,500 ரூபா. இன்று ஒரு கிலோ அறக்குளா மீனுக்கும் தேறாத தொகை. உங்கள் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அதற்குத் தொகையில் உச்சவரம்பு இல்லை.

எந்த மாவட்ட நீதிமன்றம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரதிவாதி வசிக்கும் இடம், வழக்கெழு காரணம் (வழக்குக்கு இடந்தரும் நிகழ்வு) தோன்றிய இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றுள் ஒன்று தன் எல்லைக்குள் இருந்தால், அந்த நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9 ஆம் பிரிவு கூறுகிறது. எனவே, ஒப்பந்தம் நடந்த வெள்ளவத்தைக்குரிய, புதுக்கடையிலுள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றமும் பொருந்தும், தெஹிவளைக்குரிய கல்கிசை மாவட்ட நீதிமன்றமும் பொருந்தும். அந்தத் தாளை எடுத்து, திகதிக்குப் பக்கத்தில் "வெள்ளவத்தை" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதுக்கடைக்கே போகலாம். இல்லையென்றால், எங்கே எழுதினோம் என்ற வாதத்துக்கு இடங்கொடாமல், அவர் வசிக்கும் இடத்தை வைத்துக் கல்கிசையில் தாக்கல் செய்வதே என் யோசனை.

அதற்கு முன் ஒரு படி உண்டு. பலர் இதைத் தவறவிட்டு வழக்கைத் தொடக்கத்திலேயே இழக்கிறார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பெறுமதிக்குட்பட்ட கடன் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அந்தப் பெறுமதியை 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் 5 இலட்சமாக உயர்த்தியதால், உங்கள் தொகையும் அதற்குள் அடங்குகிறது. அங்கே இணக்கம் ஏற்படாவிட்டால் தரப்படும் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

எழுத்திலான வாக்குறுதிக்குக் காலவரையறை 6 ஆண்டுகள். வெறும் வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் 3 ஆண்டுகள்தான். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சபைக்குப் போகும்போது தாளின் பிரதியை மட்டும் கொடுத்து, மூலத்தை நீங்களே வைத்திருங்கள்.