95% துல்லியமான பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் நோய் 95% உறுதியா?

கேள்வி: எனக்கு அறிகுறி எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது ஒரு நோய்க்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது. பரிசோதனையின் துல்லியம் 95% என்கிறார்கள். நோயோ நூறில் ஒருவருக்குத்தான் இருக்குமாம். எனக்கு நோய் இருக்க 95% வாய்ப்பா?

பதில்: இல்லை. நீங்கள் தந்த எண்களின்படி சுமார் 16% தான்.

துல்லியம் என்ற சொல்லுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு பாசிட்டிவ் வரும் என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு நெகட்டிவ் வரும் என்பது தனித்தன்மை. இரண்டையும் 95% என்றே வைத்துக்கொள்வோம். இவை நோய் உண்டா இல்லையா என்று தெரிந்தவர்களிடம் சோதித்து எடுத்த எண்கள். உங்கள் கேள்வி இதற்கு நேர்மாறானது: முடிவு தெரியும், நோய் உண்டா என்பதுதான் தெரியாது. நிபந்தனை நிகழ்தகவில், அதாவது ஒன்று தெரிந்த நிலையில் இன்னொன்றுக்கு உள்ள வாய்ப்பைக் கணக்கிடும்போது, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மருத்துவம் படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள்.

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 10,000 பேரில் நோய் உள்ளவர்கள் 100. அவர்களில் 95 பேருக்கு பாசிட்டிவ். மீதி 9,900 பேருக்கு நோயில்லை. ஆனாலும் 5%, அதாவது 495 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வரும். மொத்த பாசிட்டிவ் 590, அதில் உண்மையானவை 95. 95-ஐ 590-ஆல் வகுத்தால் 16%. புதிய தகவல் கிடைத்தபின் வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் விதியான பேயஸ் தேற்றம் சொல்வதும் இதே கணக்குத்தான்.

உங்களுக்கு அறிகுறி இருந்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். அதே அறிகுறியோடு வருபவர்களில் 30% பேருக்கு நோய் என்றால், 10,000 பேரில் நோயுள்ள 3,000 பேரில் 2,850 சரியான பாசிட்டிவ், நோயில்லாத 7,000 பேரில் 350 தவறான பாசிட்டிவ். வாய்ப்பு 89%. பரிசோதனை அதேதான், தொடங்கும் இடம்தான் வேறு.

அடுத்து உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவும் இதே துல்லியத்தோடு பாசிட்டிவ் காட்டினால் 16% என்பது 78% ஆகும். ஆனால் அது வேறு முறையில் செய்யும் பரிசோதனையாக இருக்க வேண்டும். உங்கள் ரத்தத்தில் உள்ள வேறொரு பொருள் முதல் பரிசோதனையைக் குழப்பியிருந்தால், அதையே திரும்பச் செய்யும்போதும் அதே பொருள் குழப்பும். அப்போது 78% என்ற கணக்கு செல்லாது.

மருத்துவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: உணர்திறன், தனித்தன்மை, உங்கள் வயதிலும் உடல்நிலையிலும் உள்ளவர்களில் நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது. மூன்றாவதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். 16%-க்கும் 89%-க்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.