1,400 அடி போர் போடுவதற்கு முன் அப்பா வெட்டிய கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. 280 மரம், வயசு 18. இரண்டு வருஷமாகக் குரும்பை கொட்டுகிறது, மட்டை தொங்குகிறது. 650 அடி, 900 அடி ஆழ்துளைப் போர் இரண்டும் நின்றுவிட்டன. 1,100 அடி போரில் விட்டு விட்டு ஒரு மணி நேரம் தண்ணி வருகிறது. 1,400 அடி போனால் கட்டாயம் கிடைக்கும் என்கிறார் போர் வண்டிக்காரர். உரக்கடையில் வேரில் கட்ட டானிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா வெட்டிய கிணறு, 40க்கு 40, எண்பது அடி ஆழம், வறண்டு கிடக்கிறது. அதை மூடி இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாமுங்களா? போருக்கு நகையை வைத்துத்தான் ஆக வேண்டும்.

பதில்: வணக்கமுங்க. நகை வீட்டிலேயே இருக்கட்டும். கிணற்றில் ஒரு கூடை மண் கூடப் போட வேண்டாம்.

குரும்பைக்குப் பதில் சின்னது. தாகத்தில் நிற்கும் மரம் பிஞ்சைத் தாங்காது. தென்னம்பாளை வெளியே தலைகாட்டுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. அதனால் இப்போது தண்ணி விட்டாலும் காய்ப்பு உடனே திரும்பாது, பொறுக்க வேண்டும். டானிக் கெட்டதல்ல, கோவை வேளாண் பல்கலைக்கழகமே தென்னைக்கு ஒன்று தருகிறது. ஆனால் ஈரமில்லாத மண்ணில் நிற்கும் மரத்துக்கு அதைக் கட்டி என்ன ஆகப்போகிறது? தோப்பை வந்து பார்க்காமல், மண் பரிசோதனைச் சீட்டும் கேட்காமல் பாட்டிலை நீட்டும் கடைக்காரர் தன் கல்லாவுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்.

நீங்கள் கேட்டது எத்தனை அடி போடலாம் என்று. உங்கள் ஊரில் இத்தனை தென்னை எப்படி வந்தது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் காங்கேயம் சீமை கொரங்காட்டுச் சீமை, அதாவது மாடு மேயும் மானாவாரிப் புல்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். மழைக்குக் காடு, கிணற்றுக்குத் தோட்டம் என்று நிலத்தைத் தண்ணி பார்த்தே பிரித்து வைத்திருந்தார்கள். அப்புறம் அணைத்தண்ணியை வாய்க்காலில் கொண்டுவரும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வந்தது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 3.77 லட்சம் ஏக்கராக விரிந்தது. அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணி விட முடியாது என்பதால் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்தார்கள். ஒரு மண்டலத்துக்கு மறுமுறை வர இரண்டு வருஷம் வரை ஆகும். கடலை, சோளம், பருத்திக்கு அது சரி. தண்ணி வரும்போது விதைத்து, நின்றதும் நிலத்தை ஆறப்போடலாம். தென்னையை ஆறப்போட முடியுமா? வாய்க்கால் வந்த தைரியத்தில் தென்னை வைத்தோம். வாய்க்கால் நின்ற மாதங்களுக்காகப் போர் போட்டோம். இலவச மின்சாரம் இருந்ததால் ஓட்டிக்கொண்டே இருந்தோம். கிணறுகள் செத்தன. கிணறு செத்ததும் மழைத்தண்ணியைத் தோட்டத்தில் நிறுத்தும் அக்கறையும் போய்விட்டது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நம் பகுதி கடினப் பாறை. தண்ணி தங்குவது மேலே சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே அங்கங்கே உள்ள வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல மாட்டார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். கோடையில் சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர், 280 மரத்துக்கு 18,200 லிட்டர். உங்கள் கிணற்றில் ஒரு அடி தண்ணி என்றால் 45,000 லிட்டருக்கு மேல். இருபது அடி நின்றால் ஐம்பது நாள் ஓடும். கடும் பஞ்சத்தில் மரத்தை உயிரோடு வைக்க 22 லிட்டர் போதும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்த அளவில் இறைத்தால், கசிவையும் ஆவியையும் கழிக்காமல், இதே தண்ணி நாலரை மாதத்துக்கு மேல் வரும். இதைத்தான் மூடலாமா என்று கேட்கிறீர்கள்!

கிரேன் வைத்துத் தூர் வாருங்கள். பல வருஷம் கிடந்த கிணற்றுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. தோட்டத்தின் சரிவு எந்தப் பக்கமோ அங்கே வரப்பை உயர்த்தி, வழிந்து வரும் மழைத்தண்ணியை ஒரு குழிக்குள் விடுங்கள். குழியில் ஜல்லியும் மணலும் போட்டு, வண்டல் தங்கியபின் தெளிந்த தண்ணி மட்டும் குழாய் வழியே கிணற்றுக்குப் போகட்டும். உரம், பூச்சிமருந்து கழுவிய தண்ணி சேரவே கூடாது. வாய்க்கால் முறை வரும்போது பாத்தியில் நிதானமாக விடுங்கள், கிணறும் ஊறும். வாய்க்கால் ஓரம் கிணறு வெட்டி இரவில் குழாயில் தண்ணி கொண்டுபோகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். அது கடைமடைக்காரர் வயிற்றில் அடிப்பது.

மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு நூறு உரிமட்டை, முதுகுப்புறம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். மட்டையை விற்றுவிட்டு டானிக் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, மனசு கேட்காது என்று தெரியும். காய்ப்பே இல்லாத மரங்களை எண்ணி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் புதுக் கன்று வேண்டாம், கொழுக்கட்டைப் புல் விதையுங்கள், மாடு மேயட்டும். ஐப்பசி மழைக்குள் தூர் வாரும் வேலை முடியட்டும். 1,100 அடித் தண்ணியையும் மண்ணையும் சோதனைக்குக் கொடுத்துச் சீட்டை அனுப்புங்கள். உப்பு எவ்வளவு, போரான் என்ற நுண்சத்து குறைவா என்று பார்த்தபின் உரத்தைப் பற்றி எழுதுகிறேன்.