முதலில் பிளக்கைப் பாருங்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கணினி பழுது பார்க்கும் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் அதே கடையில் அப்பா ரேடியோ பழுது பார்த்தார். யாராவது "பெட்டி பேச மாட்டேங்குது" என்று வந்தால், நான் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குவதற்குள் அவர் குரல் வரும்: "லே, மொதல்ல பிளக்கைப் பாருலே. பெட்டியைப் பெறவு தொறக்கலாம்." இந்த மாதம் வந்த கடிதங்களைப் படிக்கும்போது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் ஒரு மாதமாக வங்கித் தளம், பட்டா சிட்டா பார்க்கும் தளம் எதுவும் திறப்பதில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று எச்சரிக்கை வருகிறது. பேரன் வைரஸ் என்கிறான். கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், 800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொரு விஷயம், தினமும் காலையில் கணினியைப் போட்டால் தேதி 2012 என்று காட்டுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், களக்காடு)

பதில்: ஐயா, அந்த 800 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். கடைசியில் ‘இன்னொரு விஷயம்’ என்று எழுதினீர்களே, அதுதான் விஷயமே.

பூட்டுப் படம் போட்ட தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் பிரவுசர் அதை வாங்கிப் பார்த்து, உங்கள் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும். கடிகாரம் 2012 என்கிறது. சான்றிதழோ போன மாதம் கொடுத்தது. 2012-ஆம் வருஷத்து வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இந்த ஜூனில் சேர்ந்த பையன் பெயரைத் தேடினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இவன் நம்ம பள்ளிக்கூடத்துப் பையனே இல்லை" என்பீர்கள். பிரவுசரும் அதைத்தான் சொல்கிறது.

கடிகாரம் ஏன் பின்னால் போகிறது? கணினியை அணைத்த பிறகும் நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்க மதர்போர்டில் (பெட்டிக்குள் இருக்கும் பெரிய சர்க்யூட் பலகை) ஒரு காசு பேட்டரி உண்டு. பெயர் சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். சில வருஷங்களில் அது செத்துவிடும். ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்தால் மறுநாள் காலையில் கடிகாரம் தொடக்கத் தேதிக்கே போய்விடும். இவ்வளவு வெகுதூரம் பிசகினால் விண்டோஸும் இணையத்தைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

மாற்றுவது பேரன் செய்யும் வேலைதான். பிளக்கைப் பிடுங்குங்கள் (அணைப்பது போதாது, பிடுங்க வேண்டும்). பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் அந்தக் காசு பளபளவென்று தெரியும். ஓரத்தில் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும், அதை நகத்தால் மெல்லத் தள்ளினால் காசு துள்ளி மேலே வரும். புதியதை எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரிய அமுக்குங்கள். கணினியைப் போட்டதும் எஃப்1 தட்டச் சொல்லிக் கேட்கலாம், தட்டிவிட்டுத் தேதியைச் சரி செய்யுங்கள். பேட்டரியை வாட்ச் கடையிலேயே வாங்கலாம்.

அந்தக் கடைக்காரரை ரொம்பத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. 2008-ல் மேலப்பாளையத்து பாய் ஒருவர் இதே நோயோடு கணினியைக் கொண்டுவந்தார். நானும் பெரிய மேதாவியாக எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். தேதியை நானே கையால் திருத்தியதால் அன்றைக்கு எல்லாம் திறந்தது. மறுநாள் காலையில் திரும்பி வந்தார். "தம்பி, பழையபடி ஆயிட்டு. அது போகட்டும், மக நிக்காஹ் போட்டோ எங்க?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

பேட்டரி மாற்றித் தேதியும் சரியான பிறகும் ஏதாவது ஒரு தளம் மட்டும் அதே எச்சரிக்கை காட்டினால், செல்போனில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் வந்தால் கோளாறு அவர்கள் பக்கம். ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்ற பொத்தானை வங்கித் தளத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் அமுக்காதீர்கள்.

கேள்வி: கருப்பட்டி, பனங்கற்கண்டு விற்க வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு ப்ளக்இன்னை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட் செய்தேன். அதிலிருந்து தளம் முழுக்க வெள்ளைத் தாள்போல இருக்கிறது. நிர்வாகப் பக்கத்துக்கும் போக முடியவில்லை. ஆர்டரெல்லாம் போய்விட்டதா? அழுகையாக வருகிறது. (திசையன்விளை வாசகி)

பதில்: அழாதீர்கள் அம்மா. ஆர்டர், விலை, வாடிக்கையாளர் முகவரி எல்லாம் டேட்டாபேஸில் தனியாக இருக்கின்றன. வெள்ளைத் திரை அதைத் தொடுவதில்லை. கடையின் ஷட்டர் சிக்கிக்கொண்டது, உள்ளே சரக்கு அப்படியேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு, போனின் டேட்டாவில், மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே தளம் தெரிந்தால் உங்கள் பிரவுசர் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்; கண்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அமுக்கினால் தீர்ந்தது. அங்கும் வெள்ளை என்றால் அடுத்து மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படித் தளம் விழுந்தால் நிர்வாகி முகவரிக்கு வேர்ட்பிரஸே ஒரு கடிதம் போடும். எந்தப் ப்ளக்இன் குழப்பம் செய்தது என்ற பெயரும், உள்ளே நுழைய ஒரு சிறப்பு இணைப்பும் அதில் இருக்கும். அதன் வழியாகப் போய் அந்த ஒன்றை மட்டும் முடக்கிவிடுங்கள்.

கடிதம் வரவில்லையா? ஹோஸ்டிங் கணக்கில் (தளத்துக்கு இடம் வாடகைக்கு எடுத்த கம்பெனியின் கணக்கு) ஃபைல் மேனேஜரைத் திறங்கள். ‘டபிள்யூபி-கன்டென்ட்’ என்ற ஃபோல்டருக்குள் ‘ப்ளக்இன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள்! பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே போதும். வேர்ட்பிரஸ் தேடும், ப்ளக்இன் எதுவும் கிடைக்காது, ‘சரி, இல்லாமல் நடத்துவோம்’ என்று தளத்தைத் திறந்துவிடும். நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து ப்ளக்இன் பட்டியலை ஒரு தடவை பாருங்கள், எல்லாம் முடக்கப்பட்டிருக்கும். இப்போது ஃபோல்டருக்குப் பழைய பெயரையே கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்குங்கள். ஒன்றை இயக்கு, தளத்தைப் பார். அடுத்ததை இயக்கு, தளத்தைப் பார். எதை இயக்கும்போது மறுபடி வெளுக்கிறதோ அதுதான் திருடன்.

அவசரத்தில் நாலைச் சேர்த்து இயக்கினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். இன்னொன்று, தளம் வெளுத்த கையோடு ‘வேர்ட்பிரஸையே புதிதாகப் போடுகிறேன்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன பாய் கதை நினைவிருக்கட்டும். இனி அப்டேட் செய்வதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். பகலில் செய்யுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஹோஸ்டிங்காரரை எழுப்ப முடியாது.

கேள்வி: ஜெராக்ஸ் கடை. கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் லேசர் பிரிண்டரில் ஒரு பக்கம் கொடுத்தால் உடனே கீச்சென்று கத்தி எல்லாம் அணைந்துவிடுகிறது. யூபிஎஸ் பழுதா? (கொக்கிரகுளம்)

பதில்: யூபிஎஸ் நல்லவர். பிரிண்டரை அதில் செருகியதுதான் தப்பு. லேசர் பிரிண்டருக்குள் தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு ஒரு உருளை சூடாகும். அந்தச் சில வினாடிகளில் இஸ்திரிப் பெட்டிபோல மின்சாரம் இழுக்கும். நம் ஊரில் பெரும்பாலும் விற்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தரும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. பாவம், அது என்ன செய்யும்? பிரிண்டரை நேரே சுவரில் செருகுங்கள். கரண்ட் வந்த பிறகு பிரிண்ட் எடுத்தால் போதும். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோகிறவர் அஞ்சு நிமிடம் காத்திருப்பார், அங்கே அதைவிட அதிகம் காத்திருந்து பழகியவர்தான்.

கேள்வி: எங்கள் கோயில் தல வரலாறு 60 பக்கம், பாமினி எழுத்துருவில் அடித்தது. கோயில் தளத்தில் ஒட்டினால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக விழுகிறது. மறுபடி அடிக்க வேண்டுமா? (கல்லிடைக்குறிச்சி)

பதில்: வேண்டாம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்கும்போது கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டுகிறது. தளத்தில் ஒட்டியதும் வேஷம் கலைந்துவிடுகிறது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு, அதனால் எங்கே கொண்டுபோனாலும் தமிழாகவே இருக்கும். பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன. அதில் ‘பாமினி’ என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், வேறு எழுத்துருவைத் தேர்ந்தால் இன்னொரு கிறுக்கல் கிடைக்கும்.

மாற்றிய பிறகு அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கருவி தமிழ் என்று நினைத்துக் குதறியிருக்கும். ‘ஸ்ரீ’ வரும் இடங்களையும் பாருங்கள், தல வரலாற்றில் அதற்குப் பஞ்சம் இருக்காது.

இனிமேல் அடிப்பதைத் தமிழ் 99 விசைப்பலகையில் அடியுங்களேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை அது, புதிய விண்டோஸிலேயே இருக்கிறது. உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக விழும். பத்து நாள் விரல் முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ ஏற்றினால் ‘அளவு தவறு’ என்றே வருகிறது. (அம்பாசமுத்திரம்)

பதில்: செல்போன் படம் 3 எம்பி இருக்கும், தளம் கேட்பது 20 முதல் 50 கேபி. பெயிண்ட்டில் திறந்து ரீசைஸில் பிக்சல் அளவைக் குறைத்து, ஜேபெக்காகச் சேமியுங்கள். ஃபைல் பெயரின் வாலை மட்டும் மாற்றினால் படம் ஜேபெக் ஆகிவிடாது. 20-க்குக் கீழே போனாலும் தளம் தள்ளிவிடும்.

கேள்வி: கடற்கரையை ஒட்டி இணைய மையம் நடத்துகிறேன். யூஎஸ்பி துளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்விடுகின்றன. பென்டிரைவை அமுக்கிப் பிடித்தால்தான் தெரிகிறது. (உவரி)

பதில்: அண்ணாச்சி, உங்களுக்கு இரண்டு எதிரி. ஒன்று உப்புக் காற்று. உவரியிலிருந்து என் கடைக்கு வந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது தகடுகளில் பச்சைப் பூத்திருந்தது, செம்புப் பானை உள்ளே பூக்குமே அதேபோல. அதன் சொந்தக்காரர் துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று யூஎஸ்பி துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அதில் ஓர் எறும்புக் குடும்பமே இருந்தது. எண்ணெயும் வேண்டாம், சானிடைசரும் வேண்டாம். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷை நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேராக பெட்டியை வைக்காதீர்கள்.

இரண்டாவது எதிரி உங்கள் வாடிக்கையாளர்கள். சாதாரண யூஎஸ்பி துளை குறைந்தது 1,500 தடவை செருகத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஒரே துளையில் ஒரு நாளைக்கு இருபது பேர் செருகினால் அது 75 நாள். அதனால் பெட்டியின் துளையில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரை நிரந்தரமாகச் செருகி மேசை மேல் கொண்டுவந்து, டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தேய்வது அந்த ஒயராக இருக்கட்டும். வாங்கும்போதே இரண்டாக வாங்கி ஒன்றை டப்பாவுக்குள் மூடி வையுங்கள், உங்கள் ஊர்க் காற்று கடையில் தொங்கும் புது ஒயரையும் விடாது.