வாசகர் கேள்வி-பதில்: பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்

கேள்வி: 'பிளாக் சபாத்' என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானதாமே, உண்மையா? ஹெவி மெட்டல் எனும் உரத்த, கனத்த ராக் இசைக்கு அதுதான் தொடக்கமா?
– வாசகர், அம்பத்தூர், சென்னை-53

பதில்: உண்மைதான். 1969 அக்டோபரில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில், மேடையில் வாசிப்பதைப் போலவே நால்வரும் சேர்ந்து வாசித்து முடித்தனர். தொடக்கத்தில் கேட்கும் மழையும் மணியோசையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. தகட்டு ஆலை விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்த இடக்கைக் கிதார் கலைஞர் டோனி அயோமி, தாமே செய்த பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டு மெல்லிய கம்பிகளில் வாசித்தார். தலைப்புப் பாடலில் அச்சமூட்டும் சுர இடைவெளி, நம் கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கும் (ச) பிரதி மத்திமத்துக்கும் (கூர்மையான ம) இடையே உள்ளதேதான். கல்யாணி ராகத்தில் மங்களமாக ஒலிப்பது அங்கே நடுங்க வைக்கிறது! ஹெவி மெட்டலின் தொடக்கம் எது என்பதில் விமரிசகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1970 பிப்ரவரியில் வெளியான இந்த ஆல்பத்துக்கே என் வாக்கு. 2006-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இக்குழுவை அறிமுகம் செய்து கௌரவித்தவர்கள் ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவினர்.